ஊசியில்லாமல் ஒரு மரை

ஊசி இல்லை, தையல் இயந்திரம் இல்லை, முடிச்சு மட்டும்தான். இலங்கை மலையகத்தில், டிக்கோயாப் பக்கம் உள்ள எங்கள் தேயிலைத் தோட்டத்து முன்பள்ளியில் இந்த வருட ஒளி விழாவுக்காக, அதாவது கிறிஸ்மஸ் கொண்டாட்டத்துக்காக, மரை முதலான துணி விலங்குகள் செய்யத் தொடங்கியபோது நான் வைத்த முதல் விதி அதுதான். பசையையும் முடிந்தவரை தவிர்க்க வேண்டும் என்பது இரண்டாவது விதி. இரண்டுக்கும் காரணம் இருக்கிறது.

எங்கள் பிள்ளைகளுக்கு நான்கு, ஐந்து வயது. பாய் விரித்த தரையில்தான் எல்லா வேலையும் நடக்கிறது. பாயின் கோரைக்குள் ஓர் ஊசி விழுந்தால் அது மறுநாள் ஒரு பாதத்தில்தான் கிடைக்கும். உதவிக்கு வருகிற பெரியவர்கள் பெரும்பாலும் தோட்ட வேலையிலிருந்து ஓய்வுபெற்ற அப்பாயிமார், பிள்ளைகளின் பாட்டிமார். தாய்மார் மலையிலிருந்து இறங்கி, கொழுந்து நிறுத்து, கணக்கில் பேர் பதிந்து வருவதற்குள் பொழுது சாய்ந்துவிடும். அப்பாயிமாருக்கு ஊசிக் காதில் நூல் கோக்கக் கண் ஒத்துழைப்பதில்லை. காலமெல்லாம் கொழுந்து கிள்ளியதில் விரல் நுனிகள் வெடித்துக் கறை ஏறிப்போயிருக்கின்றன. மெல்லிய ஊசி அந்த வெடிப்புகளில் சிக்கும். ஆனால் கட்டச் சொல்லிப் பாருங்கள். கூடைக் கயிறு, இடுப்புப் படங்கு, விறகுக் கட்டு என்று வாழ்நாள் முழுவதும் கட்டிய கைகள் அவை. வேலையை அந்தக் கைகளுக்கு ஏற்றதாக அமைக்க வேண்டும் என்று நினைத்தேன்.

எந்த விலங்கைச் செய்வது என்பதிலும் எனக்கு ஒரு பிடிவாதம் இருந்தது. டிசம்பர் பிறந்தால் ஹட்டன் கடைகளில் துருவ மான் பொம்மைகளும் பனிமனிதன் பொம்மைகளும் தொங்கத் தொடங்கிவிடும். அழகுதான், குறை சொல்லவில்லை. ஆனால் மூடுபனிக்குள் கொம்பை ஆட்டி நிற்கும் ஒரு பெரிய விலங்கு எங்கள் மலையிலேயே இருக்கிறது. அதுதான் மரை, மான் இனத்தில் பெரியது. ஹோர்ட்டன் சமவெளிக்குப் போனவர்கள் பெரும்பாலும் அதைப் பார்த்திருப்பார்கள். 2,100 மீற்றருக்கு மேலே, புல்வெளியும் குள்ளக் காடும் மாறி மாறி வரும் அந்த இடம் 1988-இல் தேசியப் பூங்காவானது. மாலையில் மரைகள் கூட்டமாக வெளியே வந்து மேயும். இயேசுவின் பிறப்பைக் காட்டும் பாலன் குடிலில் ஆடும் மாடும் நிற்கின்றன என்றால் எங்கள் மலையின் மரையும் வந்து எட்டிப் பார்க்கட்டுமே என்றேன். பிள்ளைகள் உடனே சிறுத்தையையும் சேர்த்துவிட்டார்கள். சிறுத்தை வந்தால் ஆடு பயப்படுமே என்று ஒரு பெண்பிள்ளை கவலைப்பட்டாள். அன்றைக்கு மட்டும் சண்டை கிடையாது என்று மற்றவர்கள் தீர்த்துவைத்தார்கள்.

துணி சேர்ப்பது எளிதாக இருந்தது. குளிர்ப் பிரதேசத்தில் வாழ்வதில் உள்ள வசதி, தொழிலாளர் வரிசை வீடுகளான லயங்களில் ஒவ்வொரு வீட்டிலும் போட முடியாமல் சிறுத்துப்போன ஒரு சுவெட்டரோ, மென்மயிர் போன்ற பிளீஸ் துணியில் செய்த சட்டையோ நிச்சயம் இருக்கும். போதாததற்கு நுவரெலியாவில் குளிர் உடுப்புகள் விற்கும் பேல் பஜாரில் கறைபட்ட, ஸிப் போன பிளீஸ் ஜாக்கெட்டுகளை மலிவாகப் பொறுக்கி எடுத்தோம். ஸிப் போனால் நமக்கு என்ன, முதுகுப் பகுதி ஒன்றே ஒரு மரைக்குப் போதும்.

தையலில்லா வேலைக்கு எந்தத் துணி ஆகும் என்பதை வெட்டிப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். ஓரத்தில் சிறிது வெட்டி, வெட்டிய விளிம்பை விரலால் அழுத்தித் தேய்த்து, இரு பக்கமும் இழுத்துப் பாருங்கள். நூல் பிரிந்து வந்தால் அது நெய்த துணி. சேலை, சீத்தை, சட்டைத் துணி எல்லாம் அந்த வகை. மடித்துத் தைக்காவிட்டால் அவை நாளுக்கு நாள் உதிரும். நூல் வராமல் விளிம்பு அப்படியே இருந்தால் அது பின்னல் துணி அல்லது பிளீஸ். அதுதான் வேண்டும். டீசேர்ட் துணிக்கு இன்னொரு குணமும் உண்டு. பக்கத் தையலிலிருந்து மறுபக்கத் தையலுக்குக் குறுக்காக ஒன்றரை சென்ரிமீற்றர் அகலத்தில் வெட்டி இழுத்தால், அந்த நாடா தானாகவே உள்ளே சுருண்டு உருண்டையான கயிறாகிவிடும். நீளவாக்கில் வெட்டினால் இப்படிச் சுருளாது, இழுவையும் குறைவாக இருக்கும். எங்களுடைய கட்டுக் கயிறு முழுவதும் இந்தக் குறுக்கு நாடாதான். அது சற்று நீண்டு கொடுத்து, பிறகு சுருங்கி, முடிச்சை இறுக்கிப் பிடித்துக்கொள்கிறது. றப்பர் பாண்ட் போட்டுக் கட்டுவது இன்னும் சுலபம் என்று சிலர் சொல்வார்கள். றப்பர் நாளடைவில் பிசுபிசுத்து அறுந்துவிடும். அடுத்த வருடம் பெட்டியைத் திறக்கும்போது தலை வேறு, உடல் வேறாகக் கிடக்கும்.

நிறத்துக்குக் கடைக்குப் போகவே இல்லை. தேயிலைத் தோட்டத்தில் இருந்துகொண்டு பழுப்பு நிறத்தை விலைக்கு வாங்குவதா? கிடைத்த வெள்ளை பனியன்களையும் டீசேர்ட்டுகளையும் தேயிலைத் தூளில் தோய்த்தோம். ஒரு லீற்றர் தண்ணீருக்கு நான்கு மேசைக்கரண்டி தூள் போட்டு நன்றாகக் கொதிக்கவைத்து, வடிகட்டி, நனைத்த துணியைப் போட்டு ஒரு மணி நேரம் மெல்லிய சூட்டில் வைத்து, அப்படியே இரவு முழுவதும் ஊறவிட வேண்டும். காலையில் எடுத்து அலசினால் காய்ந்த இலையின் நிறம் வந்திருக்கும். இன்னும் கருக்க வேண்டுமானால் துருப்பிடித்த ஆணிகள் நான்கைந்தை அந்தச் சாயத்திலேயே போடுங்கள். தேயிலையின் துவர்ப்பும் இரும்பும் சேர்ந்தால் பழுப்பு சாம்பலாகி, பிறகு கறுப்பை நெருங்கும். கழுத்துப் பிடரிக்கும் முதுகுக்கும் அந்தக் கருமை மிகப் பொருத்தம். இரும்பு அதிகமானால் துணி நாளடைவில் நைந்துபோகும் என்பதால் நிறம் பிடித்ததும் ஆணிகளை எடுத்துவிட வேண்டும். ஒன்றை மனதில் வையுங்கள். இந்தச் சாயம் பருத்தியிலும் கம்பளியிலும் மட்டுமே ஏறும். பிளீஸ் பொலியெஸ்டர் என்பதால் அதைத் தேயிலையில் எவ்வளவு ஊறவைத்தாலும் அலசியதும் வெளுத்துவிடும். ஆகவே பிளீஸைப் பழுப்பாகவே தேடி எடுத்தோம், டீசேர்ட் நாடாக்களை மட்டும் தோய்த்தோம்.

உள்ளே அடைப்பதற்குப் பழைய தலையணைகள் வந்தன. சிலவற்றில் பொலியெஸ்டர் பஞ்சு, சிலவற்றில் இலவம் பஞ்சு. பொலியெஸ்டர் எப்படி அடைத்தாலும் நிற்கும். இலவம் பஞ்சு வேறு வகை. அதன் இழை உள்ளீடற்றது, மேலே மெழுகுப் பூச்சு இருப்பதால் வழுவழுப்பானது. ஒரு காலத்தில் உயிர்காப்புச் சட்டைகளுக்குள் அதைத்தான் அடைத்தார்கள். அந்த வழுவழுப்பினாலேயே தையலில்லாத உடலின் சின்ன இடைவெளியிலும் அது வெளியே நழுவும், பறக்கும், மூக்கில் ஏறும். மூச்சிழுப்பு உள்ள பிள்ளை இருக்கும் அறையில் அதைப் பிரிக்கவே கூடாது. நான் வெளியே இஸ்தோப்பில், அதாவது திண்ணையில், வைத்துப் பிரித்து, பழைய காலுறைகளுக்குள் அடைத்து, வாயைக் கட்டி, அந்த உருண்டைகளை மட்டும் வகுப்பறைக்குள் கொண்டுவந்தேன். பிள்ளைகள் அடைத்ததெல்லாம் பொலியெஸ்டரும் நறுக்கிய சுவெட்டர்த் துண்டுகளும்தான். எந்தப் பஞ்சானாலும் அடைக்கும் முன் வெயிலில் காய வேண்டும். டிசம்பரில் எங்கள் பக்கம் வெயில் காலையில்தான் முகம் காட்டும், மதியத்துக்குப் பிறகு மூடுபனி இறங்கிவிடும். பத்து மணிக்குப் போட்டு ஒரு மணிக்கு எடுத்துவிட வேண்டும். ஈரத்தோடு அடைத்த பொம்மை பிப்ரவரிக்குள் பூஞ்சணம் பிடித்து மணக்கும். அடுப்புக்கு மேலே விறகு காயும் பரணில் போடலாமே என்று ஓர் அப்பாயி யோசனை சொன்னார். விறகுக்கு அது சரி. பஞ்சு ஒரு பொறியில் பற்றிக்கொள்ளும் என்பதால் நான் சம்மதிக்கவில்லை.

இனி மரை. இதற்காகத்தான் இந்தப் பதிவையே எழுதுகிறேன்.

பிளீஸில் 40 சென்ரிமீற்றர் நீளம், 25 சென்ரிமீற்றர் அகலம் உள்ள ஒரு துண்டை வெட்டித் தரையில் விரித்தோம். அதன்மேல் பஞ்சை மெல்லிய படலமாகப் பரப்பினோம். பிறகு இரண்டு குறுகிய ஓரங்களிலிருந்தும் நடுவை நோக்கி இறுக்கமாகச் சுருட்ட வேண்டும். ஒரு பக்கம் ஒரு பிள்ளை, மறுபக்கம் இன்னொரு பிள்ளை. இரு சுருள்களும் நடுவில் முட்டிக்கொள்ளும்போது இருவருக்கும் வருகிற சிரிப்புக்காகவே இந்த முறையைப் பரிந்துரைப்பேன். இப்போது 25 சென்ரிமீற்றர் நீளத்தில் இரண்டு சுருள்கள் ஒட்டியபடி கிடக்கும். அதை நடுவில் வளைத்து, சுருள்கள் உள்பக்கமாகவும் வழவழப்பான முதுகுப் பக்கம் வெளியேயும் இருக்கும்படி மடித்து நிறுத்தினால் நான்கு கால்களும் ஒரு முதுகும் தயார். வெட்டு இல்லை, ஒட்டு இல்லை, ஒரே துணியில் நான்கு கால்!

வெறும் வளைவாக இருந்தால் விலங்கு மெலிந்து தெரியும். ஒரு காலுறைப் பஞ்சுருண்டையை அந்த வளைவுக்குள் முதுகுக்குக் கீழே வயிறாகப் பொருத்தினோம். பிறகு டீசேர்ட் நாடாவால் முன்னங்கால்களின் மேற்பகுதி, வயிறு, பின்னங்கால்களின் மேற்பகுதி எல்லாவற்றையும் சேர்த்து ஒரு சுற்று, மார்புக்குக் குறுக்காக இன்னொரு சுற்று. முடிச்சு வயிற்றுக்கு அடியில் விழ வேண்டும். கால்களைத் தனித்தனியாகக் கட்டுத்துணி சுற்றுவதுபோல் மேலிருந்து கீழே சுற்றி, குளம்பு வரும் இடத்தில் இரும்பு போட்டுக் கறுத்த நாடாவால் முடித்தோம். கால் எவ்வளவு இறுக்கமோ அவ்வளவு நேராக மரை நிற்கும். தளர்ந்த சுருள் ஒரு வாரத்தில் மடங்கி, மரை மண்டியிட்டுவிடும். மண்டியிட்ட மரையும் பாலன் குடிலுக்கு ஏற்றதுதான் என்று ஒரு பையன் சொன்னான். அவன் செய்ததை அப்படியே வைத்துவிட்டோம்.

முடிச்சில்தான் முழு வேலையும் தங்கியிருக்கிறது. சாதாரண முடிச்சில் முதல் கட்டுப் போட்டுவிட்டு இரண்டாவதைப் போடுவதற்குள் முதலாவது நழுவித் தளர்ந்துவிடும். பஞ்சு உள்ளிருந்து எதிர்த்துத் தள்ளுவதால் இது இன்னும் மோசமாகும். முதல் கட்டில் நுனியை ஒரு தடவை கூடுதலாகச் சுற்றி இழுத்தால் அது தானே பிடித்துக்கொள்ளும். அதன்மேல் திசை மாற்றி இரண்டாவதைப் போட வேண்டும். முதலில் வலது இடதின் மேல் என்றால், அடுத்தது இடது வலதின் மேல். இதை நான் விளக்கிக்கொண்டிருந்தபோது, சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்த ஓர் அப்பாயி எழுந்து வந்து என் கையிலிருந்த நாடாவை வாங்கினார்.

“டீச்சர், வலது இடது என்று சொன்னால் பிள்ளைக்கு விளங்காது. விறகுக் கட்டுக்கு இரண்டு சுற்றுச் சுற்றி, முட்டியால் அமுக்கிக்கொண்டு இழுப்போம். முதலில் அமுக்கச் சொல்லுங்கள்.”

“அவிழாதா அப்பாயி?”

“அத்தனை விறகு இந்தத் தலையில் ஏறி மலை இறங்கி வந்திருக்கிறது. இந்த மரைக்குட்டியா அவிழ்ந்துவிடும்?”

அவர் சொன்னதே சரி. ஒரு பிள்ளை இரு உள்ளங்கைகளாலும் பஞ்சை அமுக்கிப் பிடிக்க, இன்னொரு பிள்ளை சுற்றி இழுத்தபோது கட்டு கல்லாக நின்றது. அன்றிலிருந்து எல்லா வேலையும் இருவர் இருவராகவே நடந்தது. அந்த அப்பாயியும் பாயில் வந்து உட்கார்ந்துவிட்டார், பிறகு சுவர்ப்பக்கம் போகவே இல்லை.

தலைக்கு 25 சென்ரிமீற்றர் சதுரத் துண்டு. நடுவில் கைப்பிடிப் பஞ்சு வைத்து, துணியைக் கூட்டிப் பிடித்துக் கட்டினால் தலை. பாதியில் இன்னொரு நாடாவைச் சற்றுத் தளர்வாகக் கட்டினால் நெற்றியும் மூஞ்சியும் பிரிந்துவிடும். கட்டுக்குக் கீழே தொங்கும் துணியைச் சுருட்டினால் அதுவே கழுத்து. அதன் நுனியை மார்புச் சுற்றுக்குள் நுழைத்து இழுத்துக் கட்டிவிட வேண்டும். ஆண் மரைக்குக் கழுத்தில் அடர்ந்த பிடரி உண்டு. கறுத்த டீசேர்ட் துணியில் 8 சென்ரிமீற்றர் அகலப் பட்டை எடுத்து, ஒரு பக்கம் முழுவதும் குஞ்சம் போல நறுக்கி, கழுத்தில் சுற்றினால் பிடரியும் வந்துவிடும், கழுத்துக் கட்டும் மறைந்துவிடும். மரையின் காது பெரியது, அதைச் சின்னதாக வைத்தால் மாட்டுக் கன்று போல் ஆகிவிடும். நான்கு சென்ரிமீற்றர் அகலத்தில், பதினான்கு சென்ரிமீற்றர் நீளத்தில் ஒரு பட்டையைப் பின்தலையில் குறுக்கே வைத்து நடுவில் கட்டினால் இரண்டு பக்கமும் காது நிற்கும்.

கொம்புக்கு மிலாறு, அதாவது செடியைக் கவ்வாத்துச் செய்யும்போது வெட்டி விழும் குச்சி. கவ்வாத்து வெட்டிய மலையில் வேண்டிய மட்டும் கிடக்கும். தேயிலைக் குச்சி கடினமானது, வளைந்து வளைந்து கவடு விட்டிருப்பதால் அதில் கொம்பின் உருவம் ஏற்கெனவே இருக்கிறது. நன்கு வளர்ந்த ஆண் மரையின் ஒவ்வொரு கொம்பிலும் வழக்கமாக மூன்று முனைகள். அப்படி மூன்றாகப் பிரிந்த மிலாறுகளைத் தேடி எடுப்பதே பிள்ளைகளுக்கு ஒரு நாள் விளையாட்டாகிவிட்டது. பட்டையை உரித்து, முனைகளைக் கல்லில் தேய்த்து மழுக்கி, காதுக் கட்டுக்குள் செருகி, நாடாவைப் பெருக்கல் குறிபோல் குறுக்கும் நெடுக்குமாகப் போட்டு இறுக்கினோம். துருவ மானில் பெண்ணுக்கும் கொம்பு உண்டு. மரையில் ஆணுக்கு மட்டும்தான், அதுவும் உதிர்ந்து மீண்டும் முளைக்கும். ஆகவே கொம்பு இல்லாத மரைகளும் எங்கள் குடிலில் நின்றன. கொம்பு உடைந்துபோனால் அழ வேண்டாம், அது உதிர்ந்துவிட்டது, இன்னொன்று முளைக்கும் என்று சொல்லிப் புதிய மிலாறு செருகலாம். பிள்ளைகள் அதை அப்படியே நம்புகிறார்கள், உண்மையும் அதுதான்.

ஹோர்ட்டன் சமவெளிக்குப் போகிறவர்களிடம் இந்த இடத்தில் ஒரு வார்த்தை. வாகனம் நிறுத்தும் இடத்துக்கு வரும் மரைகளுக்குப் பாணும் பிஸ்கட்டும் நீட்டாதீர்கள். பையோடு சேர்த்து அவை பிளாஸ்ரிக்கையும் தின்றுவிடுகின்றன. மரை செய்த பிள்ளைகளிடம் இதைச் சொன்னால் அவர்கள் ஆயுளுக்கும் மறக்க மாட்டார்கள்.

பசையைப் பற்றிச் சொல்ல வேண்டும், ஏனென்றால் தையலில்லா வேலை என்றதும் எல்லோரும் முதலில் எடுப்பது அதைத்தான். கடையில் கிடைக்கும் பைண்டர் கம் என்ற வெள்ளைப் பசை நுண்ணிய துகள்களாக நீரில் கலந்திருப்பது. அதில் உள்ள நீர் வெளியேறிய பிறகுதான் துகள்கள் ஒன்றோடொன்று இணைந்து தெளிவான படலமாகும். மூடுபனியில் நீர் வெளியேறத் தாமதமாகிறது. அதைவிடப் பெரிய சிக்கல் குளிர். ஏறக்குறைய 10 பாகை செல்சியஸுக்குக் கீழே போனால் அந்தத் துகள்கள் இணையாமலே காய்ந்து, சுண்ணாம்பு போல் வெளுத்து உதிர்ந்துவிடும். 1,868 மீற்றர் உயரத்தில் உள்ள நுவரெலியாவில் டிசம்பர், ஜனவரி இரவுகள் அந்த அளவைத் தாண்டிக் கீழே இறங்குவது சாதாரணம். அதிகாலைப் புல்லில் உறைபனி விழும் நாட்களும் உண்டு. எங்கள் டிக்கோயாப் பக்கம் அவ்வளவு மோசமில்லை என்றாலும், மாலை ஒட்டியதும் காலை ஒட்டியதும் ஒரே பிடி பிடிப்பதில்லை. அதனால் கண்ணுக்கும் மூக்குக்கும் மட்டும் பசை. அதையும் பத்து மணிக்கும் இரண்டு மணிக்கும் இடையில் ஒட்டி, அலமாரிக்குள் வைத்துக் காயவிட்டோம்.

பசைக் குச்சியை உருக்கி ஒட்டும் குளூ கன்னும் இதே மலையில் வேறு மாதிரி நடந்துகொள்கிறது. உருகிய பசை குளிர்ந்த துணியில் பட்ட உடனே மேற்பரப்பில் உறைந்துவிடும், இழைகளுக்குள் இறங்காது. பார்த்தால் ஒட்டியது போல் இருக்கும், நகத்தால் நெம்பினால் முழுப் பசையும் ஒரே தகடாகக் கழன்று வரும். ஒட்ட வேண்டிய இடத்தை மின்னழுத்தியால் மெல்லச் சூடாக்கிவிட்டு ஒட்டினால் பிடிக்கும். ஆனால் அதிவெப்பக் குளூ கன்னின் நுனி 190 பாகையை எட்டும், குறைவெப்ப வகைகூட 120 பாகை வரை போகும். பிள்ளைகள் இருக்கும் அறையில் அதற்கு இடமில்லை. குடிலின் மரச்சட்டத்தில் வைக்கோல் ஒட்ட மட்டும், எல்லோரும் போன பிறகு, நானே பயன்படுத்தினேன்.

பாலன் குடிலின் மாட்டுக்கு வேறொரு முறை. இரண்டு பிளீஸ் துண்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, பிரிஸ்டல் போர்ட் அட்டையில் வெட்டிய மாட்டு உருவத்தை மேலே வைத்து, அதைச் சுற்றி மூன்று சென்ரிமீற்றர் விட்டு வெட்டினோம். பிறகு அந்த மூன்று சென்ரிமீற்றர் ஓரம் முழுவதையும் ஒரு சென்ரிமீற்றர் அகல விரல்களாக நறுக்கி, மேல் விரலையும் கீழ் விரலையும் சேர்த்துச் சேர்த்து முடிந்துகொண்டே போக வேண்டும். கால்களுக்கிடையே உள்ள உள்வளைவில் துணி இழுபட்டுச் சுருங்கும். அங்கே மட்டும் விரல்களை அரை சென்ரிமீற்றராக மெல்லியதாக்கினால் வளைவு அமையும். வெளிவளைவில், கொம்பு நுனியிலும் பிட்டத்திலும், விரல்கள் நெருக்கியடித்துக் கும்பலாகும். இரண்டு விரலுக்கு ஒன்றை முக்கோணமாக வெட்டி எடுத்துவிட வேண்டும். கடைசி நான்கு முடிச்சுக்கு முன் பஞ்சு அடைத்து மூடினால் முடிந்தது. முடிச்சுகள் விளிம்பெல்லாம் துருத்திக்கொண்டு நிற்பது சடை மாடு போல் இருக்கிறது. பிள்ளைகளுக்கு அதுதான் பிடித்திருக்கிறது, எனக்கும்.

ஆட்டுக்கு எந்தச் சிரமமும் இல்லை. பழைய சுவெட்டரைப் பிரித்து, நூலைக் கையில் சுற்றி, நடுவில் கட்டி, இருபுறமும் வெட்டி உதறினால் பஞ்சுப் பந்து. கறுப்புக் காலுறை நுனியில் தலை. அவ்வளவுதான்.

சிறுத்தைக்குக் காலுறை. மஞ்சள் கலந்த பழுப்பு நீளக் காலுறையில் பஞ்சு அடைத்து, கழுத்தில் ஒரு கட்டு, இடுப்பில் ஒரு கட்டு, கால்களைக் கிள்ளிப் பிடித்து நான்கு சிறு கட்டு. உட்கார்ந்து நிற்க வேண்டும் என்றால் அடியில் கனம் வேண்டும். அரிசி போடச் சொல்வார்கள். லயத்தில் அரிசி அடைத்த பொம்மையை எலி விட்டுவைக்காது. ஓடைக் கூழாங்கற்களைக் கழுவிக் காயவைத்து, தடித்த துணியில் முடிந்து உள்ளே போட்டோம். புள்ளிகளுக்கு மார்க்கர் பேனை. சிறுத்தையின் உடலில் இருப்பது வெறும் புள்ளி அல்ல, நடுவில் இடம்விட்ட உடைந்த வளையங்கள். தலையிலும் காலிலும்தான் முழுப் புள்ளி. இதைப் படம் காட்டிச் சொல்லிக் கொடுத்தேன், பெரும்பாலானவர்கள் அப்படியே போட்டார்கள்.

ஒரு பையன் மட்டும் கறுப்புக் காலுறையை எடுத்துவைத்துக்கொண்டு மார்க்கரே வேண்டாம் என்றான். 2020 மே மாதம் நல்லதண்ணிப் பக்கம் கம்பிக் கண்ணியில் சிக்கிய கருஞ்சிறுத்தையைப் பற்றி வீட்டில் பேசக் கேட்டிருக்கிறான். உயிரோடு மீட்கப்பட்டும் சில நாட்களில் அது இறந்துவிட்டது. காட்டுப்பன்றிக்கு வைக்கிற கண்ணிகளில் எங்கள் மலைச் சிறுத்தைகள் மாட்டிச் சாவது ஓயவில்லை. மரக்கறித் தோட்டத்தைப் பன்றி உழுதுபோட்ட காலையில் அந்தக் குடும்பம் படும் பாட்டையும் நான் அறிவேன், ஆனால் கம்பிக்கு எது பன்றி, எது சிறுத்தை என்று தெரியாது. அவனுடைய கருஞ்சிறுத்தையை நாங்கள் பாலனுக்கு மிக அருகில் வைத்தோம். ஒளி விழாவுக்கு வந்த தகப்பன்மார் அந்த இடத்தில் நின்று பார்த்தார்கள். அது எதற்கு அங்கே என்று பிள்ளைகளே எடுத்துச் சொன்னார்கள்.

பாதுகாப்பு விஷயத்தில் நான் விட்டுக்கொடுக்கவில்லை. கண்ணுக்குப் பொத்தான், மணி எதுவும் இல்லை, ஒட்டிய துணி வட்டமும் மார்க்கர் புள்ளியும் மட்டுமே. முன்பள்ளிப் பிள்ளையின் பொம்மை வீட்டுக்குப் போனால் அங்கே தவழும் தம்பி தங்கை இருக்கும். மூன்று வயதுக்குக் குறைந்தவர்களுக்கான பொம்மைகளைச் சோதிக்க 31.7 மில்லிமீற்றர் விட்டமுள்ள ஓர் உருளையைப் பயன்படுத்துவார்கள். அதற்குள் முழுமையாக அடங்கும் எந்தப் பாகமும் தொண்டையில் அடைக்கக்கூடியது. பொத்தான் அதற்குள் எளிதாக அடங்கிவிடும். ஒட்டிய வட்டமும் உரிந்தால் அடங்கும் என்பதால் சின்னப் பிள்ளை இருக்கும் வீட்டுக்குப் போனவற்றில் மார்க்கர் கண் மட்டும்தான். கொம்புள்ள மரைகளையும் கூழாங்கல் போட்ட சிறுத்தைகளையும் முன்பள்ளியிலேயே வைத்துக்கொண்டோம். குடிலில் மெழுகுவர்த்தி ஏற்றவில்லை, பற்றரியில் எரியும் சின்ன விளக்குகள்தான். பிளீஸ் நெருப்பில் உருகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும், இலவம் பஞ்சு சட்டென்று பற்றும். இரண்டும் வைக்கோலோடு சேர்ந்து நிற்கும் இடத்தில் சுடர் கூடாது.

சைப்பிரஸ் கிளை நட்ட வாளியைச் சுற்றிலும் சின்ன விலங்குகளைத் தொங்கவிட்டோம். தொங்கும் கயிற்றைக் கழுத்தில் கட்டாமல் முதுகுக் கட்டின் நாடாவிலேயே ஒரு வளையம் விட்டுக் கட்டினால் விலங்கு நேராகத் தொங்கும், பார்ப்பதற்கும் நன்றாயிருக்கும்.

இப்போது எல்லாம் பழைய தலையணை உறைகளுக்குள், காய்ந்த வேப்பிலை போட்டு, அலமாரியின் மேல்தட்டில் இருக்கின்றன. பிளாஸ்ரிக் பையில் கட்டி வைத்தால் உள்ளே வியர்த்துவிடும். மாடு மட்டும் அங்கே போகவில்லை. ஜனவரியில் மாட்டுப் பொங்கல் வருகிறதே! கொம்புக்கு மஞ்சள் நாடா சுற்றி, கழுத்துக்கு மாலை கட்டினால் அதே மாடு பொங்கலுக்கும் ஆகும். ஒளி விழாவுக்கு மரை கட்டிய அப்பாயிதான் மாலையையும் கட்டப்போகிறார்.

எனக்கு மிச்சமிருப்பது ஊதாமுக மந்தி. எங்கள் மலையில் இருக்கும் வகைக்குக் கரடி போல் அடர்ந்த மயிர், உடலைவிட நீண்ட வால். மயிருக்குச் சுவெட்டர் நூல் போதும். வால்தான் நிற்கமாட்டேன் என்கிறது. கம்பி வைத்தால் நிற்கும், பிள்ளைகள் கையில் கம்பி வேண்டாம். மூன்று டீசேர்ட் நாடாக்களை இறுக்கிப் பின்னியதில் வால் பாதி தூரம் நிமிர்கிறது. அடுத்ததாகப் பின்னலுக்குள் ஒரு மெல்லிய மிலாறை வைத்துப் பின்னிப் பார்க்கிறோம்.